மூலைப் புள்ளி

ஜூலை 3, திங்கள்

இந்த டைரியின் அட்டையில் ஒரு இறால் சிரித்துக்கொண்டிருக்கிறது. தீனிக் கம்பெனிக்காரன் போட்ட படம். இருபது வருஷமாக இறாலை வைத்துப் பிழைக்கிற ஊர் இது. ஒரு இறாலும் சிரித்து நான் பார்த்ததில்லை.

பொங்கலுக்கு எங்க வீட்டுக்காரருக்குக் கொடுத்தார்கள். ஏப்ரல் எட்டு வரைக்கும் அவர் கையெழுத்து. குட்டைக்கு எவ்வளவு தீனி போட்டார், தண்ணீரில் உப்பு எவ்வளவு, தண்ணீரில் காற்றுக் கலக்கும் ஏரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடியது, அவ்வளவுதான். ஒன்பதாம் தேதியிலிருந்து வெள்ளைத் தாள். அச்சடித்த தாளை வீணாக்குவானேன் என்று நான் எழுத ஆரம்பிக்கிறேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

என் பெயர் சிங்காரவல்லி. ஆறாவது பாஸ். ஏழாவதில் ஒரு வாரம் போனேன். இறாலுக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்கும் லேபில் இரண்டு மாதமாகச் சாமான் கழுவுகிறேன். மத்தியானம் சாப்பாடு முடிந்தால் அரை மணி நேரம் ஓய்வு. முன்னால் வீட்டில் இருந்தபோது அந்த நேரத்துக்குத்தான் அவருக்கு போன் போட்டு, "சாப்புட்டியளா?" என்று கேட்பேன். இப்போது அந்த அரை மணி நேரம் சும்மா கிடக்கிறது.

ஜூலை 5, புதன்

எங்கள் லேபுக்குத் தலைவர் டாக்டர் குலோத்துங்கன். பெயருக்குத் தகுந்த நடை. தலைவலிக்கு மாத்திரை இருக்கிறதா என்று ஒரு நாள் கேட்டேன். "நான் அந்த டாக்டர் இல்லம்மா" என்றார். எந்த டாக்டர் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்றைக்குக் காலேஜ் பிள்ளைகள் நாற்பது பேர் சுற்றிப் பார்க்க வந்தார்கள். சார் சட்டைக்கு மேல் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டார். ஆள் வந்தால்தான் அந்தக் கோட்டு ஆணியிலிருந்து இறங்கும்.

"அந்தக் காலத்துல இந்தச் சோதனைக்குக் கதிர்வீச்சுப் பொருளை வச்சு அடையாளம் போடுவாங்க. தடுப்புப் பலகை, இருட்டறை, எக்ஸ்ரே பிலிம்னு ஆயிரம் தொல்லை. குப்பையைக்கூட வெளியில கொட்ட முடியாது. நம்ம முறையில அதெல்லாம் கிடையாது. வெறும் கலர்தான். கண்ணாலேயே பார்க்கலாம். யாருக்கும் ஒரு ஆபத்தும் இல்ல" என்றவர், தொட்டி முன்னால் நின்ற என்னைக் கை காட்டினார். "இந்த அம்மாவைப் பாருங்க. தினமும் இதைத்தான் கழுவுறாங்க. எப்படி இருக்காங்க?"

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். நன்றாக இருக்கிறேன் என்று காட்டுவதற்காகக் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன். ஒரு பெண் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

ஜூலை 10, திங்கள்

இங்கே வேலையெல்லாம் செய்வது ஷமீமா. கையெழுத்துப் போடுவது சார். ஷமீமா நாகூர்ப் பிள்ளை. டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறது, இதுவும் ஊசி போடாத டாக்டர்தான். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததும் அந்தப் பிள்ளைதான். அவர் காரியம் முடிந்த மூன்றாம் நாள் தனியாக ஸ்கூட்டரில் வந்தது. அதற்கு முன்னால் அதை நான் பார்த்ததே இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "லேப்ல ஆள் வேணும் அக்கா, வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

திங்கட்கிழமையானால் வாடா கொண்டுவரும், வடை மாதிரி பொரித்தது, மேலே முழு இறால் ஒட்டியிருக்கும். ஏன் இவ்வளவு பாசம் என்று தெரியவில்லை. முகம் பார்த்து மட்டும் பேசாது.

இன்றைக்கு வாடாவைத் தின்றுகொண்டே, இங்கே என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நோய்க்குன்னு ஒரு நூல் இருக்குக்கா. ரொம்பச் சின்னது. அதுக்கு ஜோடியா நாம ஒரு நூல் செஞ்சு வச்சிருக்கோம். அது அந்த நோயோடதான் போய் ஒட்டும். வேற எதைக் காட்டினாலும் ஒட்டாது."

"பத்தினி நூல்."

சிரித்தது. "ஆனா அது ஒட்டினது நம்ம கண்ணுக்குத் தெரியாது. அதனால நூல்ல ஒரு குறி கட்டி விடுவோம். பயோட்டின்னு பேரு. அந்தக் குறியைத் தேடிப் பிடிக்க இன்னொரு ஆளை அனுப்புவோம். அவரு போய்ப் பிடிச்சுக்கிட்ட இடத்துல மருந்து ஊத்தினா ஊதாக் கலர் வரும்."

நான் புரிந்துகொண்டது இது. திருடன் வீட்டு வாசலில் ஒருத்தி போய் நிற்கிறாள். அவள் தலையில் பூ. அந்தப் பூவைத் தேடி ஒரு போலீஸ்காரன் வருகிறான். போலீஸ்காரன் நிற்கிற இடத்தில் விளக்கு எரியும். ஒரு இறால் குஞ்சைப் பிடிக்க இத்தனை பேர்.

ஜூலை 13, வியாழன்

தட்டு இருபத்திரண்டு, குப்பி நாற்பது. டீயில் சர்க்கரை கூடிவிட்டது என்றார் சார். நான் சர்க்கரையே போடவில்லை.

ஜூலை 19, புதன்

இன்றைக்குக் கலர் வருவதைப் பார்த்தேன்.

இறால் குஞ்சை அரைத்துச் சாறு எடுத்து, கையகல நைலான் துணியில் சொட்டுச் சொட்டாக வைக்கிறார்கள். ஒவ்வொரு சொட்டும் ஒரு பண்ணைக்காரனுடைய குஞ்சு. பிறகு அதை ஊறவைத்து, வெந்நீரில் அலசி, வேறொன்றில் ஊறவைத்து, மறுபடி அலசி... மாமியார் இருக்கிற வீட்டில்கூட இவ்வளவு அலசமாட்டார்கள். டப்பாவை ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும். ஆட்டும் மிஷின் ரிப்பேர். அதனால் நான் ஆட்டினேன்.

கடைசியில் மருந்தை ஊற்றி மூடி வைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால், துணியின் மேல் மூலையில் ஒரு புள்ளி, நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி. மற்ற இடமெல்லாம் வெள்ளை.

"ஐயோ, ஒருத்தனுக்கு நோய்" என்றேன்.

"இல்லக்கா. இது நாமளே வச்ச புள்ளி. நோய் இருக்குன்னு நமக்கு ஏற்கெனவே தெரிஞ்ச இறாலோட சாறு. எப்பவும் மூலையில இதை வைப்போம். இது கட்டாயம் வரணும். இது வந்துட்டு மத்தது வரலன்னாதான் மத்தவங்களுக்கு நோய் இல்லன்னு சொல்லலாம்."

"இதுவே வரலன்னா?"

"வரும்க்கா" என்றது. டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

ஜூலை 24, திங்கள்

பக்கிரிசாமி வந்தார். பன்னிரண்டு குட்டைக்கு முதலாளி. எங்க வீட்டுக்காரர் ஒன்பது வருஷம் அவரிடம்தான் வேலை பார்த்தார். அடுத்த பருவத்துக்குக் குஞ்சு வாங்கப் போகிறாராம். பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் குஞ்சைச் சோதனைக்குக் கொண்டுவந்திருந்தார்.

"யாரு இது, வேதையன் பொண்டாட்டியா? இங்கயா இருக்குற?"

"ஆமாங்க."

"நல்லா இரு. என் பையில மட்டும் கை வச்சிடாத தாயி. உங்க வீட்டுக் கை ஒரு தடவை பட்டதே எனக்குப் போதும்."

சார் சிரித்தார். பெரிய மனிதர் பேசினால் சிரிக்கவேண்டும் என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஷமீமா கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனது.

நடந்ததை எழுதிவிடுகிறேன். மார்ச் கடைசியில் மூன்றாம் நம்பர் குட்டையில் இறால் எல்லாம் கரையோரம் வந்து ஒதுங்கியது. ஓட்டைப் பிரித்துப் பார்த்தால் வெள்ளைப் புள்ளி. நாலு நாளில் குட்டை செத்தது. பத்து நாளில் பன்னிரண்டும். குஞ்சு சுத்தம், லேபில் எழுதிக் கொடுத்த தாள் இருக்கிறது என்றார் பக்கிரிசாமி. அப்படியானால் நோய் வெளியிலிருந்துதான் வந்திருக்கவேண்டும். யார் கொண்டுவந்தது? எங்க வீட்டுக்காரர் ஒரு நாள், தன் வீச்சு வலை கிழிந்துவிட்டதென்று பக்கத்துப் பண்ணை வலையை வாங்கி மூன்றாம் நம்பரில் வீசியிருந்தார். அந்தப் பண்ணை ஏற்கெனவே செத்திருந்தது. வலையைக் கழுவாமல் போட்டுவிட்டான் என்று பக்கிரிசாமி கரையில் நின்று பதினோரு ஆள் முன்னால் கத்தினார். ஊரும் அதையே சொன்னது.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி ஏரேட்டரைத் தூக்க இவர் குட்டையில் இறங்கினார். மெயின் சுவிட்சு ஆனிலேயே இருந்தது, கரண்டு அடித்துவிட்டது. கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார்கள். எப்போது இறங்கினாலும் "ஆப் பண்ணிட்டியா?" என்று இரண்டு தடவை கத்திக் கேட்டுவிட்டு இறங்குகிற மனிதர்.

நான் அழவில்லை என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அவர்கள் வந்த நேரத்தில் அழவில்லை, அவ்வளவுதான். சொல்லிவிட்டு வந்திருக்கவேண்டும்.

ஜூலை 25, செவ்வாய்

வேலை அதிகம். எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 28, வெள்ளி

திங்கட்கிழமை மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்களாம். ஒரு வருஷத்துத் தூசியை ஒரு நாளில் துடைக்கச் சொன்னார் சார். நோட்டுகளையும் துடைக்கச் சொன்னார்.

அந்த நோட்டுகளில், சோதனை முடிந்த துணிகளைக் காயவைத்துப் பிளாஸ்டிக்கில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள், தேதி போட்டு. துடைக்கிற சாக்கில் புரட்டினேன். ஜனவரியில் எல்லாத் துணியிலும் மூலையில் ஊதா. நடுவே அங்கங்கே இன்னொரு ஊதா, அந்தப் பண்ணைக்காரன் தலையில் துண்டு. பிப்ரவரி மூன்றாம் தேதியிலிருந்து துணி எல்லாம் வெள்ளை. சோப்பு விளம்பரத்தில் காட்டுவார்களே, அப்படி ஒரு வெள்ளை. மார்ச் இருபது வரைக்கும் அப்படித்தான். இருபத்திரண்டாம் தேதியிலிருந்து மறுபடி மூலையில் ஊதா.

எனக்கு இங்கிலீஷில் பெரிய எழுத்துத் தெரியும். பிப்ரவரி பதினொன்றாம் தேதித் துணிக்குக் கீழே இருந்த பெயர்களை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். நாலாவது புள்ளி, பக்கிரிசாமி. பன்னிரண்டாம் தேதி குட்டையில் குஞ்சு விட்டார்கள். பண்ணையில் அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தது நான்தான், எனக்குத் தேதி மறக்காது.

நாலாவது இடம் வெள்ளை. மூலையும் வெள்ளை.

ஜூலை 29, சனி

சார் வரவில்லை. ஷமீமா தனியாக இருந்தது.

"மூலைப் புள்ளி வரலன்னா என்ன அர்த்தம்?"

"அந்தச் சோதனையே நடக்கலன்னு அர்த்தம்க்கா. திருப்பிச் செய்யணும்."

"பிப்ரவரி பதினொண்ணு?"

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தது. என் முகத்தை இன்றைக்குத்தான் முதல்தடவையாகப் பார்த்தது.

"சார்கிட்ட சொன்னேன்க்கா. மூலை வரலன்னு சொன்னேன். 'மூலையில வச்சது பழைய சரக்கா இருக்கும். சாம்பிள்ல ஒண்ணும் இல்லியே, அப்புறம் என்ன? குஞ்சு வண்டி வெளியில நிக்குது, நோய் இல்லன்னு எழுது'ன்னாரு."

"நீ எழுதின."

"எழுதினேன்."

பிறகு அதுவே சொல்லிற்று. முன்னால் நூலில் கட்டியது வேறு குறி, ஏதோ பூச்செடியிலிருந்து எடுப்பதாம். விலை ஏறிவிட்டது என்று பிப்ரவரியில் சார் அதை விட்டுவிட்டு பயோட்டினுக்கு மாறினார். கலர் மருந்துக்கு முன்னால் துணியை எதிலாவது ஊறவைத்தால்தான் பிடிக்கிற ஆள் கண்ட இடத்தில் ஒட்டாமல் இருப்பார். பழைய குறிக்குப் பால் பவுடரைக் கரைத்து ஊற்றி வந்தார்கள், ஒரு தொந்தரவும் இல்லை. குறி மாறிய பிறகும் அதே பாலையே ஊற்றினார்கள். பாலிலேயே பயோட்டின் இருக்கிறதாம். அது ஒரு சத்து.

"அப்போ போலீஸ்காரன் பால் கடையிலயே உக்காந்துட்டான்" என்றேன்.

"ஆமாக்கா." இந்தத் தடவை சிரிக்கவில்லை. "மார்ச்சுலதான் எனக்கு உறைச்சுச்சு. பாலை நிறுத்திட்டு வேற ஒண்ணை ஊத்தினேன். மூலை வந்துடுச்சு. அதுக்குள்ள முப்பத்தோரு பேருக்கு எழுதிக் கொடுத்திருந்தோம்."

முப்பத்தொன்றும் வெள்ளை. அந்த மாதம் சார் ஒரு கூட்டத்தில், இந்தப் பருவத்தில் நம் கடற்கரையில் நோயே கிடையாது என்று பேசினாராம். பொன்னாடை போட்டார்களாம். எனக்குத் தெரியும் அந்தப் பொன்னாடை. தினமும் சாயங்காலம் அதைப் போட்டுத்தான் மைக்ராஸ்கோப்பை மூடுகிறேன்.

"எனக்கு ஏன் வேலை வாங்கிக் கொடுத்த?"

அழுதது. நான் துடைத்துக்கொண்டிருந்த நோட்டை எடுத்து அடுக்கினேன்.

ஜூலை 31, திங்கள்

மேலிடத்து ஆட்கள் வந்தார்கள், முந்திரிப்பருப்பு தின்றார்கள், போனார்கள். தூசி இல்லை என்று பாராட்டினார்களாம்.

ஷமீமா வாடா கொண்டுவந்தது. நான் தொடவில்லை. மூன்று மணிக்குப் பசித்தது. எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 2, புதன்

பிப்ரவரியில் எடுத்த சாறு இன்னும் பனிப்பெட்டியில் இருக்கிறதாம். பழைய சாம்பிளை ஒரு வருஷம் தூக்கிப் போடமாட்டார்கள்.

"திருப்பிப் பார்க்கலாம்க்கா. ஆனா நீங்கதான் சொல்லணும்."

"எதுக்கு நான் சொல்லணும்?"

"வராமலும் போகலாம். சோதனை கெட்டுப்போச்சுங்கறதுனால குஞ்சுல நோய் இருந்துச்சுன்னு ஆகிடாது. உண்மையிலேயே இல்லாம இருந்திருக்கலாம்."

அப்படியானால் வலைதான். அப்படியானால் இவர்தான்.

கழுவவேண்டிய தட்டெல்லாம் அப்படியே இருக்கிறது. எழுதிவிட்டுப் போகிறேன். ஊர் சொன்னது என்று முன்னால் எழுதியிருக்கிறேன். ஊர் மட்டும் இல்லை. ஏப்ரல் ஒன்பதாம் தேதி காலையில் பழைய சோறு போட்டுக்கொண்டே நான் சொன்னேன். "ஒரு வலையை அலசிட்டுப் போடத் தெரியல. ஊரையே பட்டினி போட்டுட்டு வந்து சோறு கேக்குறியளா?" பாதிச் சோறு மிச்சம் இருந்தது. மோரை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

வெள்ளையாக வந்தால், நான் சொன்னது சரி. கடுமையாகச் சொன்னேனே தவிர, சரியானதைத்தான் சொன்னேன் என்று இருந்துவிடலாம். ஒரு பெண்டாட்டி, புருஷன் மேல் தப்பு இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்வாளா? இன்றைக்குக் காலையில் கொஞ்ச நேரம் நான் வேண்டிக்கொண்டேன்.

ஷமீமாவிடம் பார் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

நேற்றே சொட்டு வைத்து ஊறப்போட்டது. இன்றைக்குக் காலையில் எடுத்து அலசினோம். மூலையில் கட்டாயம் வரவேண்டிய புள்ளி. அதற்குப் பக்கத்தில் வெறும் தண்ணீர், அது வரவே கூடாது. மூன்றாவது, பக்கிரிசாமியின் குஞ்சு. பால் கிடையாது. டப்பாவை நான்தான் ஆட்டினேன். கை கடுத்தது. மிஷின் ரிப்பேர் ஆனதும் நல்லதுக்குத்தான்.

மருந்து ஊற்றி மூடியபோது சார் உள்ளே வந்துவிட்டார்.

"என்ன ஓடுது ஷமீமா?"

"பிப்ரவரி சாம்பிள் சார்."

சார் முகத்தில் இருந்த ராஜா இறங்கிப் போய்விட்டார். "யாரைக் கேட்டு எடுத்த?"

"நான்தான் சார் கேட்டேன்" என்றேன்.

"நீயா? உனக்கு என்னம்மா தெரியும் இதுல?"

"கலர் தெரியும் சார். கண்ணாலேயே பார்க்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க."

மூடியைத் திறக்காதே என்றார். திறக்காவிட்டாலும் அது வரும் சார் என்றது ஷமீமா. மூன்று பேரும் ஒரு டப்பாவைச் சுற்றி நின்றோம், பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற மாதிரி.

ஷமீமா திறந்தது. மூலை ஊதா. தண்ணீர் வெள்ளை. மூன்றாவது, மூலையைவிடக் கருப்பாக, தடியாக வந்திருந்தது.

குஞ்சு பண்ணைக்குள் வரும்போதே நோயோடுதான் வந்திருக்கிறது. வலைக்கு அங்கே வேலையே இல்லை.

"இங்க பாரும்மா, விஞ்ஞானத்துல சில சமயம் இப்படி ஆகும். நாளைக்கே உன் வேலையை நிரந்தரமாக்கச் சொல்றேன்" என்றார் சார், தணிந்த குரலில்.

"எந்த வேலை சார்? கழுவுறதா? நீங்க போட்ட கையெழுத்தை இந்தத் தொட்டியில கழுவ முடியாது."

நல்ல பதில். வரும் வழியெல்லாம் அதை நினைத்து என்னை நானே மெச்சிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும்தான், தப்பு எங்க வீட்டுக்காரர் மேல் இல்லை என்றால் அன்றைக்குக் காலையில் நான் திட்டியது யாரை என்று தோன்றியது.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

ஷமீமா முப்பத்தோரு பண்ணைக்கும் மேலிடத்துக்கும் கடிதம் எழுதி அனுப்பிவிட்டது. அடியில் தன் பெயரைத்தான் போட்டது. "நானும் சேர்ந்துதான் எழுதிக் கொடுத்தேன்னு போட்டிருக்கேன்க்கா" என்றது. மூன்று வருஷப் படிப்பு என்ன ஆகும் என்று கேட்டேன். தெரியாது என்றது. சார் மருத்துவ விடுப்பு. எந்த டாக்டரைப் பார்த்தாரோ.

மத்தியானம் பக்கிரிசாமி வந்து கத்தினார். சார் இல்லாததால் சுவரைப் பார்த்துக் கத்தினார். கத்தி முடிக்கிற வரைக்கும் நின்றேன்.

"எங்க வீட்டுக்காரரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலியே."

"அதான் குஞ்சுலயே இருந்திருக்குன்னு ஆயிடுச்சே தாயி. செத்தவன் திரும்பியா வரப்போறான்?"

"கரையில நின்னு சொன்னீங்க. கரையில நின்னே மாத்திச் சொல்லுங்க. அன்னிக்கு இருந்த ஆளுங்க இருக்கணும்."

"அவ்வளவுதானே?" என்றார். நான் வேறு எதையோ கேட்பேன் என்று பயந்திருப்பார் போலிருக்கிறது. முகம் தெளிந்துவிட்டது.

ஆகஸ்ட் 11, வெள்ளி

போனேன். மூன்றாம் நம்பர் குட்டையில் தண்ணீர் இல்லை, தரை வெடித்துக் கிடந்தது. பதினோரு பேரில் எட்டுப் பேர் இருந்தார்கள்.

பக்கிரிசாமி ஒரு கையில் போனை வைத்துக்கொண்டே சொன்னார். "எல்லாரும் கேட்டுக்குங்க. வேதையன் வலையால ஒண்ணும் வரல. குஞ்சுலயே நோய் இருந்திருக்கு. அவன் மேல தப்பில்ல. சரி, போய் வேலையைப் பாருங்க."

கத்தியபோது அரை மணி நேரம் கத்தினார். இதற்கு அரை நிமிஷம்.

அத்தோடு வந்திருக்கலாம். வரவில்லை.

"நானும் சொன்னேன்" என்றேன். "அன்னிக்குக் காலையில, அவரு சாப்புடும்போது. வலையை அலசத் தெரியலன்னு சொன்னேன். இன்னும் மேலயும் சொன்னேன். அதுவும் தப்பு."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. பக்கிரிசாமிகூட போனைப் பையில் வைத்துவிட்டார். காத்தமுத்து அண்ணன்தான் பக்கத்தில் வந்தார். எங்க வீட்டுக்காரரோடு ஒன்றாக வேலை பார்த்தவர், எங்கள் தெரு.

"அதை மனசுல வச்சிக்காத தங்கச்சி. அவனுக்கு உம்மேல கோவமே இல்ல. சத்தியமா சொல்றேன். அன்னிக்கு வந்ததும் எங்கிட்ட சொன்னான். 'வீட்டுலயும் சொல்லிட்டா காத்தமுத்து. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். நான்தான் அலசாமப் போட்டுட்டேன் போலருக்கு'ன்னான்."

நான் கிளம்பத் திரும்பினேன்.

"நான்கூடத் திட்டினேன் அவனை. 'ஏன்டா, பிளீச்சிங் பவுடர் போட்டு ரெண்டு தடவை அலசினியே, நான்தானே தண்ணி ஊத்தினேன், ஞாபகமில்லியா?'ன்னேன். 'அப்படியா? எனக்கு நெனவில்லியே'ன்னு தலையைச் சொறிஞ்சான். அவ்ளோ மரியாதை தங்கச்சி உன் வார்த்தை மேல."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். நல்ல மனிதர். சைக்கிளில் கொண்டுவந்து விடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 14, திங்கள்

லேபைப் பூட்டிவிட்டார்கள். விசாரணை. ஷமீமா போன் செய்து, வேறு இடத்தில் வேலை கேட்டிருப்பதாகச் சொன்னது. தனக்கா எனக்கா என்று கேட்க மறந்துவிட்டேன்.

இன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்த டைரியைப் புரட்டி, குலோத்துங்கன் சாரை எங்கெங்கே கிண்டல் செய்திருக்கிறேன் என்று பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. எதையும் அடிக்கவில்லை. எல்லாம் உண்மைதான்.

காத்தமுத்து அண்ணன் வீடு எங்கள் வீட்டிலிருந்து நாலாவது. நடந்து பார்த்தேன், முப்பத்தாறு எட்டு வைத்தால் போதும். கதவு திறந்துதான் இருக்கிறது, எப்போதும் திறந்துதான் இருக்கும். அண்ணே, அவரு வலையை அலசினாரா என்று அன்றைக்குக் காலையில் திட்டுவதற்கு முன்னால் அந்த வாசலில் நின்றே கேட்டிருக்கலாம். போய் வருவதற்குள் ஆறிவிடும் என்று சொல்ல, பழைய சோறு ஆறுகிற சோறுகூட இல்லை.